இடப்பக்கத்து உப்பு

இந்த மூட்டையை இறக்கினால் நான் தனியாகத்தான் போய்வருகிறேன் என்பது மறுபடியும் தெருவுக்குத் தெரிந்துவிடும்.

காரின் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு கொறற்றி இப்படித்தான் நினைத்தாள். உள்ளே இடது மூலையில் ஒரு உப்பு மூட்டை கிடந்தது. இரண்டு வருடமாக அங்கேயே கிடக்கிறது. மாரியில் வியர்த்து, சோளகக் காற்றில் காய்ந்து, இப்போது கல்லாக இறுகிவிட்டது. கராச்சுக்குக் கொண்டுவருவதற்கு முன் சாமான்களை எல்லாம் இறக்கிவிடும்படி மெக்கானிக் றெனால்ட் தொலைபேசியில் சொல்லியிருந்தான்.

கார் அவளுடைய கணவர் வாங்கியது. பழைய சன்னி. அவர் இருந்தவரை அவர் ஓட்டுவார், அவள் இடப்பக்கம் இருப்பாள். மாரடைப்பில் அவர் போன பிறகு ஓட்டப் பழகி வலப்பக்கத்துக்கு மாறினாள். இடப்பக்கம் வெறுமையாகவே இருந்தது. மன்னார் சின்னக்கடை வீட்டிலிருந்து பாலத்தைக் கடந்து, வங்காலை, அரிப்பு தாண்டி, சிலாவத்துறையில் ஒரு தையல் பயிற்சி நிலையத்துக்குப் போய்வருவாள். அங்கே அவள் ஆசிரியை.

உப்பு மூட்டை வந்தது சபூராவின் வாயால். சபூரா அதே நிலையத்தில் கைவேலை சொல்லிக்கொடுப்பவள். தன் சாப்பாட்டுப் பார்சலில் பாதியைத் தந்துவிட்டுத்தான் கேலியைத் தொடங்குவாள். ஒரு நாள் வேலை முடிந்து எல்லோரும் வாசலில் நிற்கும்போது கொறற்றி காரை வெளியே எடுத்தாள்.

"கொறற்றி டீச்சர், உங்கட கார் உங்கட பக்கமே சரிஞ்சு போகுதே! மத்தப் பக்கம் ஆளில்லாத குறைதான். ஒராளைப் பாத்து இருத்துங்கோவன்!"

பிள்ளைகள் சிரித்தார்கள். கொறற்றியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து காருக்குப் பின்னால் நின்று பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. அவள் இறங்கிய பிறகும் வலப்பக்கம் உண்மையாகவே இறங்கியிருந்தது; நாளும் ஒரு பக்கமே இருந்து அப்படியே பதிந்துவிட்டது என்று நினைத்தாள்.

அவளுக்கு வந்தது துக்கமல்ல, வெட்கம். ஆளில்லாத அறையில் வானொலியைப் பேசவிட்டுவிட்டு அவள் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்பது ஒருவருக்கும் தெரியாது. மீன்காரனிடம் இன்னமும் இரண்டு பேருக்கு வாங்கி, மிச்சத்தைப் பூனைக்குப் போடுவது தெரியாது. வீட்டுக்குள் இவ்வளவு கவனமாக வைத்திருந்ததைக் கார் ரோட்டு நீளத்துக்குச் சொல்லிக்கொண்டு போகிறதே என்று இருந்தது.

ஒரு தோள் இறங்கிய பெண்கள் சட்டை தைக்க வந்தால், அவர்களுக்குச் சொல்லாமலே உள்ளே ஒரு துண்டுத் துணி வைத்துத் தைப்பது அவளுடைய தொழிலில் வழக்கம். காருக்கும் அதைத்தான் செய்தாள். முதலில் மண் மூட்டை வைக்கலாம் என்று நினைத்தாள். மண் என்றால் ஏன் என்று கேட்பார்கள். மன்னாரில் உப்பு மூட்டையை ஏன் வைத்திருக்கிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். உப்பளத்துப் பக்கம் நிறுத்தி ஒரு மூட்டை வாங்கி, டிக்கியின் இடது மூலையில் ஏற்றினாள். கார் நேராக நின்றது. சபூரா அதன் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. மறந்திருப்பாள்.

இப்போது கார் மற்றப் பக்கம் சரிகிறது. போன மாதத்திலிருந்து இடது பின்பக்கம் இறங்கிக்கொண்டு வந்து, பாலத்தில் ஏறும்போதெல்லாம் கீழே டொக் என்று ஒரு சத்தம்.

அதே மாதத்தில்தான் அக்காவும் கல்யாணக் கதையைத் தொடங்கினாள். அக்கா கலாராணி இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறாள். இன்று காலையிலும் அதையேதான் சொன்னாள்.

"முருங்கன் பக்கம் ஆள். பேர் அருள்நேசன். தபால் கந்தோரில வேலை. மனிசி செத்துக் கன காலம், பிள்ளையள் இல்லை, குடி இல்லை. வேற என்னடி வேணும் உனக்கு? நாளைக்குப் பூசை முடிய வந்து பாக்கட்டோ எண்டு கேக்கினம். இண்டைக்கு ஓம் எண்டு சொல்லு."

"கராச்சுக்குப் போட்டு வந்து சொல்லுறன் அக்கா."

அவளுக்கே தெரியும், ஓம் என்றுதான் சொல்லப்போகிறாள். அருள்நேசன் ஒருமுறை தொலைபேசியில் கதைத்திருந்தார். "மன்னாரில இப்ப நல்ல காத்தோ?" என்று கேட்டார். ஓம் என்றாள். அவருடையது கூச்சமான, நல்ல குரல். அழைப்பு முடிந்ததும் அவளுடைய மனத்தில் வந்தது அவருடைய முகமல்ல. இரண்டு முன் சீற்றிலும் ஆட்களோடு கார் நேராகப் போகும் காட்சி. அது ஒரு நிம்மதி என்று அன்று நினைத்துக்கொண்டாள்.

மூட்டையை இழுத்துப் பின்படியில் போட்டாள். பிறகு தெருவில் போய் நின்று பார்த்தாள். மூட்டை இல்லாவிட்டால் கார் தன் பக்கம் திரும்பவும் சரியும் என்றுதான் பயந்திருந்தாள். சரியவில்லை. இடது பின்பக்கம் இறங்கினது இறங்கினபடியே நின்றது.

றெனால்டின் கராச் எழுத்தூரில். முற்றமெல்லாம் மணல். அவன் காரைச் சுற்றி வந்து உச்சுக்கொட்டினான்.

"சொக் அப்சோபர் போயிட்டுது போல."

இடது பின் மூலையைக் கையால் அமத்தி விட்டான். கார் மேலே எழும்பி, அந்த இடத்திலேயே நின்றது. வலது பக்கத்தையும் அமத்தினான். அதுவும் ஒரு தரம்தான் எழும்பியது.

"சீ, இல்லை. அது போனால் தொட்டில் மாதிரி ஆடும். ஆட்டத்தை நிப்பாட்டுறதுதான் அதின்ர வேலை, காரைத் தூக்கிப் பிடிக்கிறது ஸ்பிரிங். இறங்கியிருந்தால் ஸ்பிரிங்கைத்தான் பாக்கவேணும். ஆனா இஞ்ச வைச்சு அளக்கேலாது. மணலில அளந்தால் மணலைத்தான் அளக்கிறம். பக்கத்துக்கு எடுங்கோ அக்கா."

பக்கத்தில் எப்போதோ மூடிப்போன ஐஸ் போடுகிற இடத்தின் சீமெந்துத் தரை இருந்தது. நிழலுக்கு ஒரு கழுதை படுத்திருந்தது.

"எழும்பும் ஐயா, வேலை கிடக்கு," என்றான் றெனால்ட். கழுதை அவனைப் பார்த்தது. "மாமனார் வீட்டுக்கு வந்தது மாதிரிக் கிடக்கிறார்." வாலைப் பிடித்து இழுத்துத்தான் எழுப்பவேண்டியிருந்தது.

காரைத் தரையில் ஏற்றி, நாலு ரயருக்கும் ஒரே அளவு காற்று அடித்தான். ஸ்பிரிங்குகள் தங்கள் இடத்தில் இருக்கட்டும் என்று இரண்டு பேருமாகக் காரை முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளிவிட்டார்கள். பிறகு அவன் அளவு நாடாவைத் தேடினான். நாடா சுருளுக்குள் அறுந்து கிடந்தது.

கொறற்றி கைப்பையிலிருந்து தன்னுடைய தையல் நாடாவை எடுத்தாள். ரயர் பூட்டிய சில்லின் நடுவிலிருந்து மேலே மட்கார்ட்டின் விளிம்பு வரைக்கும் அளக்கச் சொன்னான். அவள் குந்தியிருந்து நாலு மூலையும் அளந்தாள். முன்பக்கம் இரண்டும் கிட்டத்தட்டச் சரி. பின்பக்கம் இடது மூலை, வலதைவிட இரண்டு விரல் குறைவு.

"அப்ப ஒரு மூலைதான். இடது பின் ஸ்பிரிங்."

அவள் எழும்பவில்லை. பாவாடைக் கரையை நிலத்திலிருந்துதான் அளக்கவேண்டும். இடுப்பிலிருந்து மட்டும் அளந்தால் கரை ஒரு பக்கம் தூக்கும். இருபது வருடப் பழக்கத்தில் கை தானாகவே நாடாவைத் தரையில் ஊன்றியது. நிலத்திலிருந்து சில்லின் நடு வரைக்கும் அளந்தாள். மூன்று சில்லும் ஒரே அளவு. வலது பின் சில்லு மட்டும் ஒரு விரல் குறைந்தது.

"றெனால்ட், இதென்ன? இந்தச் சில்லு மட்டும் பதிஞ்சு கிடக்கு."

அவன் குனிந்து, ரயரின் பக்கத்தில் இருந்த எழுத்தைத் துணியால் துடைத்து வாசித்தான். மற்ற மூன்றையும் போய் வாசித்தான்.

"இது வேற அளவு ரயர். ஆர் போட்டது இதை?"

யார் போட்டது என்று அவளுக்கு உடனே ஞாபகம் வந்தது. அரிப்புக்கு அங்கால் ரோட்டில் ரயர் வெடித்தது. ஒரு கடையில் அன்று அகப்பட்ட பழைய ரயரைப் போட்டுக்கொண்டு போனது. அடுத்த கிழமைதான் சபூரா வாசலில் நின்று சிரித்தாள்.

"அப்ப முந்தி வலப்பக்கம் சரிஞ்சது…"

"ரயராலதான். ஒரு விரல் எண்டால் பின்னால நிண்டு பாக்க வடிவாத் தெரியும்."

"நான் தனிய ஓடுறதால எண்டு நினைச்சன்."

றெனால்ட் வாய்விட்டுச் சிரித்தான். "என்னக்கா நீங்கள்! ஒராளின்ர பாரம் ஸ்பிரிங்குக்குத் தெரியுமே? அப்பிடிப் பாத்தால் இந்த ஊரில எல்லாக் காரும் ஒரு பக்கம் சாய்ஞ்செல்லோ ஓடவேணும். உங்களுக்கு என்ன பாரம்? ஒரு கருவாட்டுக் கட்டு அளவு."

அவள் டிக்கியில் மூட்டை வைத்த கதையைச் சொன்னாள். சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டாள். அவனுடைய சிரிப்பு நின்றது. டிக்கியின் கம்பளத்தைத் தூக்கினான். அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தகரம் அப்பளம் மாதிரி உதிர்ந்து, விரல் போகுமளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. ஜக் வைத்துத் தூக்கிச் சில்லைக் கழற்றினான். ஓட்டைக்கு நேரே கீழேதான் ஸ்பிரிங். அதன் கடைசி வளையம் முறிந்து, அதைத் தாங்கும் கிண்ணத்துக்குள் துருச்சேற்றோடு கிடந்தது.

"இதுதான் டொக் எண்டது. மாரியில உப்புக் கரைஞ்சு சொட்டுச் சொட்டா இதுக்குமேல விழுந்திருக்கு. நல்ல ஸ்பிரிங் அக்கா இது. சும்மா விட்டிருந்தால் இன்னும் கன காலம் ஓடியிருக்கும்." துண்டை எடுத்து அவளுடைய கையில் வைத்தான். "மத்தப் பக்கத்தையும் சேத்துத்தான் மாத்தவேணும். ஒண்டு புதுசு, ஒண்டு பழசு எண்டால் ஒரு நாளும் ஒத்து நிக்காது. ரயரும் ஒண்டு பாருங்கோ. சாமான் கொழும்பிலயிருந்து வரவேணும், அதுவரைக்கும் கார் நிக்கட்டும்."

அவன் மற்றப் பக்கத்தைக் கழற்றப் போனான். கொறற்றி ஒரு கவிழ்த்த பெட்டியில் இருந்தாள். உடைந்த இரும்பு, பிள்ளைகளின் காப்புத் துண்டு மாதிரி வளைந்து, உள்ளங்கையில் குளிர்ந்தது.

நிம்மதியாக இருக்கவேண்டும் என்று நினைத்தாள். கார் அவளைப் பற்றி யாருக்கும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் நிம்மதி வரவில்லை. தன் தனிமை ஒரு காரைச் சரிக்குமளவுக்குப் பாரம் என்று இத்தனை காலமும் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையில், வெட்கத்தோடு வெட்கமாக, ஒரு சின்ன ஆறுதலும் இருந்திருக்கிறது: ஏதோ ஒன்றாவது அதை உணர்ந்திருக்கிறது என்று. இல்லை. அவள் ஏறியதும் இறங்கியதும் இந்த இரும்புக்குத் தெரியவே இல்லை. ஒவ்வொரு நாளும் அவ்வளவு தூரம் வங்காலை வெளியில் காற்றோடு தனியாகப் போனதற்கு உலகத்தில் எங்கும் ஒரு அடையாளமும் இல்லை. அடையாளம் இருப்பது அவள் பயந்து ஏற்றிய மூட்டைக்கு மட்டும்தான்.

அருள்நேசனின் குரல் நினைவுக்கு வந்தது. மன்னாரில இப்ப நல்ல காத்தோ? அவர் கேட்டது காற்றைப் பற்றி. அவள் நினைத்தது இடப்பக்கத்துச் சீற்றை. அந்த நல்ல மனிதன் நாளைக்கு வெளுத்த சேட் போட்டுக்கொண்டு வந்து கதிரையில் இருப்பார். அவரைப் பார்த்து, இடப்பக்கத்தில் ஏற்ற இன்னொரு மூட்டை என்றுதான் அவள் நினைப்பாள் என்று இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஸ்கூட்டியின் சத்தம் கேட்டது. அவளை ஏற்றிப்போக அக்கா வந்திருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே காரைப் பார்த்தாள். கார் பின்சில்லுகள் இல்லாமல் கட்டைகளின்மேல் நின்றது.

"என்னடி இது, செத்த வீடு மாதிரி? எப்ப தருவானாம்?"

"சாமான் வர நாள் செல்லுமாம்."

"சரி, அது கிடக்கட்டும். அங்கால போன் மேல போன் எடுக்கினம். நாளைக்கு வரச்சொல்லுறன் என்ன? நான் புட்டும் மீன்குழம்பும் வைக்கிறன். நீ அந்த நீலச்சீலையைக் கட்டிக்கொண்டு சும்மா வந்து இரு, அது போதும்."

கொறற்றி நாடாவை விரலில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். அதோடு உடைந்த துண்டையும் வைத்தாள்.

"வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ அக்கா."

"ஏன்? அந்த மனிசனில என்ன குறை கண்டனீ?"

"அவரில ஒரு குறையும் இல்லை."

"பின்ன? எவ்வளவு காலம்தான் இப்பிடித் தனிய ஓடித்திரியப்போறாய்? ஒருக்கா வந்து பாத்திட்டுப் போகட்டுமன். பாக்கிறதில என்ன கிடக்கு?"

காற்று ஐஸ் போடுகிற இடத்தின் கதவை ஒருமுறை அடித்துவிட்டுப் போனது. கழுதை திரும்பி வந்து, கார் நிழலில் இடம் பார்த்துக்கொண்டு நின்றது. கொறற்றி எழும்பி, ஸ்கூட்டியின் பின்சீற்றில் ஏறி, அக்காவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் அக்கா," என்றாள் மெதுவாக.