அக்கா ஒத்துக்கொண்டது

உதிரிபாகக் கிடங்கில் பதினெட்டு வருடமாக ஸ்டோர்கீப்பராக இருப்பவனுக்கு வீடும் ஒரு கிடங்காகத் தெரிந்ததில் வியப்பில்லை. வீட்டுச் சாமான் அத்தனையையும் எக்செல்லில் ஏற்றி, அதைத் தானாகக் கணக்குப் போடவைக்கும் மேக்ரோ நிரலையும் தானே எழுதியிருந்தான். வாங்கி வந்ததைப் பட்டியலில் அடித்து ‘சேர்’ பொத்தானை அழுத்தினால் இருப்பு கூடும். எடுப்பதைச் சமையலறை நோட்டில் குறிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதையும் ஏற்றிவிட்டு அலமாரியை எண்ணுவான். கணக்கு உதைத்தால் அந்த வரிசை சிவந்துவிடும். பல் குத்தும் குச்சியை மட்டும் ஏன் விட்டுவைத்தீர்கள் என்று மனைவி கேலி செய்தாள். அடுத்த வாரம் அதுவும் ஏறியது.

புருஷன் செத்ததும் அவனுடைய அக்கா ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தாள். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. தம்பியை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. வந்த மறுநாளே சமையலறை அவள் கைக்குப் போனது. இரண்டாம் மாதம் சிவப்பு தலைகாட்டியது. மூன்று சோப்பு குறைந்தது. பிறகு ஒரு பால்மாவு டப்பா, இரண்டு எண்ணெய் பாக்கெட்.

குறிக்க மறந்திருப்பாய் என்று முதலில் பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தான். அவள் இல்லையென்றாள். அடுத்த வாரமும் கேட்டான். மனைவி அலமாரிக்குப் பூட்டு வாங்கி வந்தாள், ஆனால் சமைப்பவளிடமே சாவியைக் கொடுக்க வேண்டியிருந்தது. இப்படியே நான்கு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கணினி முன்னால் உட்காரவைத்துச் சிவப்பு வரிசைகளைக் காட்டினான்.

“மெஷின் பொய் சொல்லாதுக்கா.”

அவள் திரையைப் பார்த்தாள். வாசலில் நின்ற தம்பி மனைவியைப் பார்த்தாள்.

“ஆமாடா. நான்தான் எடுத்தேன். வெளிய கொடுத்துட்டேன்.”

அவன் அன்றைக்கே அக்கா மகளுக்குப் போன் போட்டான். உன் அம்மாவுக்குக் கை நீளம், நீயும் சொல்லி வை என்றான். அந்த வாரமே அக்கா ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில், தங்க இடமும் கொடுக்கிறார்கள் என்று, வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

அவள் போன மூன்றாவது ஞாயிறு. இரண்டு சோப்பு குறைந்தது. பின்னால் நின்ற மனைவி மெதுவாகக் கேட்டாள்.

“இப்ப யாருங்க எடுத்தா?”

அவன் அலமாரியை மறுபடி எண்ணினான். மேக்ரோவைத் திறந்து வரி வரியாகப் படித்தான். ‘சேர்’ பொத்தான் பட்டியலை இருப்பில் கூட்டியது. கூட்டியபின் பட்டியலை அழிக்கவில்லை. சில மாதங்களாகக் கணினி திணறுகிறது. திரை உறைந்து நின்றால் அவன் இன்னொரு தடவை அழுத்துவான். வாங்கிய இரண்டு சோப்பு எக்செல் தாளில் நான்காகிவிடும். கிடங்குக்கு எழுதியதில் இதற்குத் தடுப்பு வைத்திருந்தான். வீட்டுக்குத்தானே என்று இதில் விட்டுவிட்டான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சலவைக்கூடத்தில் அக்கா ஈரப் போர்வைகளை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

“எடுக்கவே இல்லையே, அப்புறம் ஏன்க்கா ஒத்துக்கிட்ட?”

“நாலு மாசம் இல்லைன்னேன், உன் காதுல ஏறல. ஒரு தடவை ஆமான்னேன், கேக்கறதை நிறுத்தின.”

வீட்டுக்கு வரச் சொன்னான். அவள் அடுத்த போர்வையை எடுத்து உதறினாள். “என் புள்ளகிட்ட சொல்லு. போனே பண்றதில்ல அவ,” என்றாள்.

வெளியே வந்து, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நின்று அக்கா மகளைக் கூப்பிட்டான். கணினியில்தான் தவறு, அம்மா எதையும் தொடவில்லை என்று இரண்டு தடவை விளக்கினான். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“விடுங்க மாமா. உங்களுக்கு மனசு கேக்கல, சொல்றீங்க. அம்மாவே என்கிட்ட ஒத்துக்கிட்டாங்க.”

அவன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். குழந்தை அழுகிறது என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.