ஒரே தண்ணீரில் இரண்டு உலோகம்

செம்புக்குள்ளும் அலுமினியத்துக்குள்ளும் ஒரே தண்ணீரை ஓடவிட்டால் என்ன ஆகும் என்று படித்த அன்றுதான், பதினோரு மாதம் கழித்து, சின்னவளுக்கு நன்றாகப் பசித்தது. இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

"என்னடி, இன்னிக்குத்தான் வயிறுன்னு ஒண்ணு இருக்கறது ஞாபகம் வந்துச்சா?" என்று அம்மா கேட்டாள்.

சின்னவள் கையைக் கழுவிக்கொண்டு போய் அந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து படித்தாள். இரண்டும் ஒரே தண்ணீரில் இருந்தால் செம்புக்கு ஒன்றும் ஆகாது. அலுமினியம்தான் உள்ளுக்குள் அரிக்கும். அரித்தது துகளாகித் தண்ணீரோடு சுற்றும். மயிரிழை போன்ற வாய்க்கால்களில் போய் அடைத்துக்கொள்ளும். ஆறேழு மாதம் வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள் இயந்திரம் கொதித்துப்போய் நின்றுவிடும்.

ஆறேழு மாதம். அவளுக்கு அது நீண்ட காலமாகத் தோன்றவில்லை.

அக்காவுக்கு ஏழு வயது இளையவள் என்பதால் வீட்டில் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். அக்காவின் கணவர் வேலை பார்க்கும் அலுவலகத்திலேயே அவளுக்கும் வேலை. இன்னும் கட்டப்படாத கட்டடங்களைக் கம்ப்யூட்டரில் கட்டி, உள்ளே நடந்து போவதுபோலப் படமாக்கிக் காட்டுவது அவர்கள் தொழில். அத்தான் அந்தக் குழுவின் தலைவர். அலுவலகத்திலும் அவரை அத்தான் என்றே கூப்பிட்டாள். ஆரம்பத்தில் மற்றவர்கள் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

பதினோரு மாதத்துக்கு முன்பு அவள் ஓர் ஆஸ்பத்திரியைக் கட்டினாள். நான்கு மாத வேலை. முந்நூற்றுப் பன்னிரண்டு ஜன்னல்கள், ஒவ்வொன்றிலும் காலை வெயில் விழும் சாய்வு வேறு. பிரசவ வார்டில் ஒரு திரைச்சீலை மட்டும் காற்றில் லேசாக அசையும். அந்த அசைவுக்கே ஒன்பது நாள் ஆனது. படத்தைக் காட்டிய அன்று அந்தத் திரை அசைந்தபோது வந்திருந்தவர்களில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படம் முடிந்து திரையில் ஒரு பெயர் வந்தது. அத்தானின் பெயர். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த மாதம் அவருக்குக் கண்ணாடி அறை கிடைத்தது.

அவள் தாழ்வாரத்தில் அவரை நிறுத்தி, தன் பெயர் எங்கே என்று கேட்டாள்.

"அட, நீ வேற நான் வேறயா?" என்று அவர் அவள் தோளைத் தட்டினார். "வீட்டுக்குள்ளதானே இருக்கு."

அக்காவும் போனில் அதையேதான் சொன்னாள். "யார் பேரு இருந்தா என்னடி? எல்லாம் ஒரே குடும்பம். இதைப் போய்ப் பெரிசு பண்ணாதே."

அவள் பெரிசு பண்ணவில்லை. அன்றிலிருந்து யாரோடும் அதைப் பேசவும் இல்லை. பேசாமல் இருந்தால் மறந்துவிட்டாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். உண்மையில், மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் பேசாமல் இருந்தாள். பேசினால் கொஞ்சம் கொஞ்சமாக ஆறிவிடும். அவளுக்கு அது ஆற வேண்டாம்.

கண்ணாடி அறைக்குப் புது இயந்திரம் வாங்கும் பேச்சு வந்தபோது அத்தான் அவள் மேஜைக்கே வந்தார். அவளுடைய பழைய கம்ப்யூட்டர் வழக்கம்போல அனல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"சின்னவளே, என் மெஷினுக்கு வாட்டர் கூலிங் போடப் போறேன். கடையில கிடைக்கிற ரெடிமேட் இல்ல. பார்ட் பார்ட்டா வாங்கி நாமளே கோக்கறது. கண்ணாடிக்குப் பின்னாடி நீலத் தண்ணி ஓடணும். வர்றவன் வாயைப் பொளக்கணும்."

"செய்யலாம் அத்தான்."

"நீ பிளான் போட்டுக் குடு. படிக்கிறதெல்லாம் உனக்குத்தானே வரும்? நமக்கு ரெண்டு பக்கம் படிச்சாலே கொட்டாவி வருது."

மூன்று வாரம் படித்தாள். இதற்கு முன்பு அப்படி ஒன்றை அவள் தொட்டதுகூட இல்லை. ப்ராசஸரின் மேலும் கிராஃபிக்ஸ் கார்டின் மேலும் ஒவ்வொரு செம்புக் கட்டி உட்காரும். அதற்குள் தண்ணீர் ஓடிச் சூட்டை வாங்கிக்கொள்ளும். பம்ப் அதை ரேடியேட்டருக்குத் தள்ளும், விசிறிகள் ஆற்றும், ஆறிய தண்ணீர் டேங்க்குக்குத் திரும்பும். கேட்க எளிது. ஆனால் டேங்க் பம்ப்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும், ஒரு நிமிடம் தண்ணீர் இல்லாமல் ஓடினாலும் பம்ப் போய்விடும். டியூபின் வெளிவிட்டம் ஒரு மில்லிமீட்டர் மாறினால் ஃபிட்டிங் பிடிக்காது. பெட்டியின் மேல்தட்டில் ரேடியேட்டர் பொருந்துமா என்று தெரியாமல், அதே அளவில் அட்டையை வெட்டி, மூன்று விசிறிக்கு மூன்று அட்டைப்பெட்டி ஒட்டி, உள்ளே வைத்துப் பார்த்தாள். நான்கு மில்லிமீட்டர் இடித்தது. பெட்டியையே மாற்றினாள். டியூபின் நீளத்தை நூல் பிடித்து அளந்தாள். தண்ணீரை வடிக்க அடியில் ஒரு குழாய் வைத்தாள்.

திட்டம் பன்னிரண்டு பக்கம் வந்தது. நான்காம் பக்கத்தில் தடித்த எழுத்தில், ரேடியேட்டர் செம்பாக மட்டுமே இருக்க வேண்டும், அலுமினியம் கூடவே கூடாது என்று எழுதினாள். ஏன் என்றும் எழுதினாள். எழுதும்போது கை நிதானமாக இருந்தது. கெட்ட திட்டத்தைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை என்பதல்ல. அரைகுறையாக ஒரு வேலையைச் செய்ய வரவில்லை.

அலுவலகத்தின் பொது இடத்தில் அந்தக் கோப்பைப் போட்டு அவருக்கு அனுப்பினாள். யார் யார் திறந்தார்கள், எப்போது திறந்தார்கள் என்று அது ஓரத்தில் காட்டும். ஒரு நாள் போனது. மூன்று நாள் போனது. ஓரத்தில் அவள் பெயர் மட்டும்தான் இருந்தது. தினமும் காலையில் வந்ததும் அதைத்தான் முதலில் பார்த்தாள்.

நான்காம் நாள் மதியம், சாப்பாட்டு மேஜையில், அத்தான் லேப்டாப்போடு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நீ அனுப்பினது பிரமாதம்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன் பாத்தேன். ஆனா ரொம்ப நீளம்மா. நாளைக்கு மேடம்கிட்ட காட்டணும். ஒரு பக்கத்துக்குச் சொல்லு, நானே டைப் பண்ணிக்கிறேன்."

அவர் முதலில் தன் பெயரை மேலே டைப் செய்தார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெட்டி. பம்ப். டேங்க். டியூப். செம்புக் கட்டி இரண்டு. அவர் ஒரு கையால் சாப்பிட்டபடி இன்னொரு கையால் தட்டினார்.

"அடுத்து ரேடியேட்டர்... என்ன போடறது?"

அவள் தண்ணீர் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். ஏன் இது, ஏன் அது என்று இதுவரை ஒரு தடவையாவது கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாள் என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது நிஜமா என்று அவளுக்கே உறுதியில்லை.

"அலுமினியம்," என்றாள்.

"அலு... மினியம்," என்று டைப் செய்தார். "அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் அத்தான்."

மறுநாள் கூட்டத்துக்கு மேடம் சர்வீஸ்காரரையும் கூப்பிட்டிருந்தார். சின்னவளின் கணக்கில் அவர் இல்லை. அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் திருப்புளி வைத்திருப்பவர். மேடம் இந்த நிறுவனத்தை நடத்துபவர், அதிகம் பேசாதவர். கேட்க வேண்டியதை மட்டும் கேட்பார்.

அத்தான் திரையில் அந்த ஒரு பக்கத்தைப் போட்டார். "ஒரு மாசமா இதே வேலை மேடம். ராத்திரி பகல்னு உக்காந்து படிச்சு, நானே போட்ட பிளான்."

"தண்ணி நீலம்னு போட்டிருக்கு. மீன் எதாவது விடறீங்களா சார்?" என்றார் சர்வீஸ்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "பிளாக் ரெண்டும் செம்பு. ரேடியேட்டர் அலுமினியமா?"

"ஆமா."

"தெரிஞ்சேதான் போட்டீங்களா?"

"பின்ன? யோசிச்சுத்தான் போட்டேன். வெயிட் கம்மி."

"வெயிட்டு கம்மிதான். ஆறு மாசத்துல மெஷினே இருக்காது, அப்ப இன்னும் கம்மி." அவர் மேடம் பக்கம் திரும்பினார். "இந்தத் தொழில்ல கால் வைக்கிறவன் முதல் நாள் படிக்கிற பாடம் மேடம் இது. ரெண்டையும் ஒண்ணா விடக் கூடாது."

அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை. சின்னவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறேழு மாதம் காத்திருக்கத் தயாராக வந்தவளுக்கு அது ஆறேழு நிமிடத்திலேயே கிடைத்துவிட்டது.

"தண்ணி எந்த வழியா எங்க போகுதுன்னு போர்டுல ஒரு தடவ வரைஞ்சு காட்டுங்களேன்," என்றார் மேடம்.

அத்தான் எழுந்தார். மார்க்கரை எடுத்தார். ஒரு கட்டம் போட்டார். அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம். நின்றார். பிறகு திரும்பி விரலை நீட்டினார்.

"இவதான் மேடம் எழுதினா. நான் நம்பிட்டேன்."

பதினோரு மாதத்தில் முதல் தடவையாக ஒரு வேலையை அவளுடையது என்று அவர் எல்லோர் முன்பும் சொன்னார்.

"ஆமா மேடம்," என்றாள் சின்னவள். "நான் எழுதினதைப் போடட்டுமா?"

பன்னிரண்டு பக்கமும் திரையில் வந்தன. அவள் நான்காம் பக்கத்தில் நிறுத்தினாள். தடித்த எழுத்தை எல்லோரும் படித்தார்கள். பிறகு, யாரும் கேட்காமலேயே, ஓரத்தைத் திறந்தாள். திறந்தவர்கள்: ஒருவர். அவள்.

"சார் பாத்தேன்னு சொன்னாரு," என்றாள். குரல் உயரவில்லை. "மேடம், இதே மாதிரி அந்த ஆஸ்பத்திரி ஃபைலுக்கும் ஓரம் இருக்கு. யார் எத்தனை நாள் உக்காந்தாங்கன்னு காட்டும். திறக்கட்டுமா?"

அவரை அவள் சார் என்று சொன்னது அதுவே முதல் தடவை. அவருக்கு அது உறைத்தது, முகத்தில் தெரிந்தது.

"வேண்டாம் சின்னவளே," என்றார், உதடு மட்டும் அசைய.

மேடம் அவரைப் பார்த்தார். "திறம்மா," என்றார்.

நூற்றுப் பதினெட்டு நாட்கள். ஒவ்வொரு நாளுக்கு எதிரிலும் அவள் பெயர். கடைசி நாளில் மட்டும், பத்து நிமிடத்துக்கு, அவருடைய பெயர். படத்தின் முடிவில் வரும் பெயரை மாற்ற அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது.

கூட்டம் கலைந்ததும் சர்வீஸ்காரர் அவள் மேஜையருகே நின்றார். திருப்புளியை எடுத்து உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுதான் புரியலம்மா. உன் ஃபைலை அவர் திறக்கல. படிக்கவும் இல்ல. அப்ப அலுமினியம்னு ஒரு வார்த்தை அவருக்கு எங்கேருந்து வந்துச்சு?"

அவள் அவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். அவள் பழைய கம்ப்யூட்டரின் விசிறி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"சரி விடு," என்றார் அவர் கடைசியில். "செம்பு ரேடியேட்டருக்கு நானே சொல்லிடறேன்."

அடுத்த சனிக்கிழமை முற்பகல். அலுவலகத்தில் ஆளில்லை. கண்ணாடி அறை காலியாக இருந்தது. அத்தானை வேறொரு பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். புதுப் பெட்டி அவள் மேஜைமேல் பக்கவாட்டுக் கண்ணாடி இல்லாமல் திறந்து கிடந்தது. பம்ப்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்திருந்தாள். மற்ற எல்லாவற்றையும் பிடுங்கி வைத்திருந்தாள். ஒவ்வொரு இணைப்புக்கு அடியிலும் டிஷ்யூ பேப்பர் மடித்து வைத்திருந்தாள். ஒரு நாள் முழுக்க ஓட வேண்டும். எங்காவது கசிந்தால் பேப்பர்தான் முதலில் சொல்லும். தண்ணீருக்கு நிறம் போடவில்லை.

போன் அடித்தது. அக்கா.

"அவர் சரியா சாப்பிட்டு மூணு நாளாச்சு," என்றாள் அக்கா.

சின்னவள் குனிந்து முதல் பேப்பரைத் தொட்டாள். காய்ந்திருந்தது.

"அலுமினியம்னு நீதான் சொன்னியாம். வேணும்னே சொன்னியாம். இங்க வந்து கத்தறாரு. ஆபீஸ்ல சொல்ல வாயில்ல அவருக்கு. சொன்னா, அன்னிக்கு நானே போட்ட பிளான்னு சொன்னது என்னன்னு கேப்பாங்க இல்ல." அக்கா மூச்சு வாங்கினாள். "நிஜமா சொன்னியா?"

இரண்டாவது பேப்பரும் காய்ந்திருந்தது. பம்ப் சத்தம் போடாமல் ஓடியது. காதை அருகில் கொண்டுபோனால்தான் கேட்டது.

"சொன்னேன்."

அக்கா போனை வைக்கவில்லை. டியூபுக்குள் கடைசியாக மிச்சமிருந்த ஒரு காற்றுக்குமிழி ரேடியேட்டர் வழியாகப் போய், டேங்க்கில் ஏறி உடைவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப உனக்குச் சந்தோஷமாடி?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு ஜன்னல்களையும் நினைத்துப் பார்த்தாள்.

"ஆமாக்கா," என்று சொல்லிவிட்டு, மூன்றாவது பேப்பரைத் தொட்டாள்.