விழித்திருக்க ஒரு மலை

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நான் அக்கா வீட்டுக்காரரின் அச்சகத்தில், காகிதம் வெட்டும் மெஷினில் நிற்க வேண்டும். அதனால்தான் சனிக்கிழமை மலை ஏறினேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்றால், தூக்கம்.

பதினோரு வருடம் ஒரு குளிர்சாதனக் குடோனின் கேமரா அறையில் நைட் ஷிஃப்ட். திரையில் பதினாறு கட்டம், பதினாறு கதவு. ஒன்றும் திறக்காது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு சாயங்காலம், யூனிஃபார்மில் பாதிப் பொத்தான் போட்டவன் கழற்றி எறிந்துவிட்டேன். போகவில்லை, அவ்வளவுதான். ஆனால் அதை என் உடம்புக்கு யாரும் சொல்லவில்லை. பகல் பதினொன்று ஆனால் சுவிட்சை அணைத்ததுபோல் ஆகிவிடுகிறது. போன வாரம் பல் டாக்டரின் நாற்காலியில், வாயைத் திறந்தபடியே தூங்கியிருக்கிறேன்.

அந்த மெஷினில் பிளேடு என் கை நீளம். இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் இறங்க வேண்டும். வேலை வேகமாக ஓட, ஒன்றை டேப் போட்டு அமுக்கி வைத்திருக்கிறார்கள்; ஒரு கை பிளேடுக்கு அடியில் இருந்தாலும் இறங்கிவிடும்.

"உனக்கு முன்னாடி நின்னவரு பத்து விரலோட ரிட்டயர் ஆனாருடா" என்று மாமா ஏதோ பட்டம் வாங்கியவரைச் சொல்வதுபோல் சொன்னார்.

ஒரு பகல் முழுக்கத் தூங்காமல் இருந்துவிட்டால் வேலைக்குப் போவது. இல்லாவிட்டால் இல்லை. நடக்கிறவன் எப்படித் தூங்குவான் என்பது என் கணக்கு.

அடிவாரத்து கேட்டில் காவலாளி நோட்டைத் தள்ளினார்.

"தனியாவா?"

"ஆமா."

"மேல ஏதாச்சும் ஆச்சுன்னா யாருக்குச் சொல்றது?"

அக்காவின் நம்பரை எழுதினேன்.

"கல்யாணம் ஆகலையா?"

"இல்லண்ணே."

"அதான் மலை ஏற நேரம் கிடைக்குது. எனக்கு மூணு பொண்ணு. இருபது வருஷமா இங்க நிக்கிறேன், இந்த கேட்டைத் தாண்டினதில்ல."

முதல் இரண்டு மணி நேரம் நன்றாகவே போனது. மூச்சு வாங்கியது, கெண்டைக்கால் பிடித்தது, கண் தெளிவாக இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன். பத்தே முக்காலுக்கு முதல் கொட்டாவி வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பாதை மலையின் முதுகில் ஏறியது. இரண்டு முழ அகலம். இரு பக்கமும் சரிவு. கீழே மரங்கள் கொத்தமல்லிக் கட்டுபோல் தெரிந்தன. நாக்கைக் கடித்தேன். தண்ணீரை முகத்தில் அடித்தேன். காலடிகளை எண்ண ஆரம்பித்தேன். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. அடுத்து எனக்குத் தெரிந்தபோது, தூரத்தில் தெரிந்த கோணல் பாறை எனக்குப் பின்னால் இருந்தது. நடுவில் எத்தனை அடி வைத்தேன், யார் வைத்தார்கள், தெரியவில்லை. திரும்பலாம் என்றால் அதே மலை முதுகில்தான் திரும்ப வேண்டும். மீதியைத் தவழ்ந்தே கடந்தேன். பார்க்க ஆள் இல்லாததால் வெட்கமில்லை.

உச்சி என்பது இரண்டு கட்டில் அகலப் பாறை. ஓரத்தில் ஓர் இரும்புக் கம்பம். காட்சி எப்படி என்று கேட்காதீர்கள், நான் பார்க்கவில்லை. கம்பத்தின் பக்கத்தில், நாற்காலியில் உட்காருவதுபோல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் என்று சொல்லிக்கொண்டேன்.

நைட் ஷிஃப்ட்காரர்களிடம் ஒரு வித்தை உண்டு. சாவியைக் கையில் பிடித்தபடி கண்ணை மூடுவோம். தூக்கம் ஆழமானால் விரல் தளரும், சாவி தரையில் விழும், சத்தத்தில் விழிப்பு வரும். குனிந்து எடுத்துக்கொண்டு மறுபடி திரையைப் பார்ப்போம். கூட வேலை பார்த்த 'கோட்டான்' கற்றுக்கொடுத்தது. கண்ணைத் திறக்காமலே எடுக்குமளவுக்கு எனக்குப் பழக்கம்.

என்னைக் கேட்காமலே என் கை பையிலிருந்து பைக் சாவியை எடுத்திருக்கிறது.

டங் என்று ஒரு சத்தம். நான் வலப்பக்கம் குனிந்தேன், தரையைத் தடவ. தரை இல்லை. கை போய்க்கொண்டே இருந்தது, பின்னால் தோள், பின்னால் இடுப்பு. இடது முழங்கை கம்பத்தில் மாட்டியது. கண்ணைத் திறந்தால் என் முகத்துக்கு நேர்க்கீழே கொத்தமல்லிக் கட்டுகள். சாவி இன்னும் எங்கோ பாறையில் பட்டுப் பட்டுப் போய்க்கொண்டிருந்தது.

பின்னால் நகர்ந்து, பாறையில் குப்புறப் படுத்து, மாமாவை போனில் கூப்பிட்டேன்.

"உச்சிக்குப் போயிட்டியாடா?"

"போயிட்டேன். தூங்கிட்டேன்."

"எங்க?"

"உச்சியிலதான்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பது தெரிய அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

"மாமா, திங்கட்கிழமை நான் வரல. வந்தா கை போயிடும்."

"மெஷினுக்கு வந்த இன்னொருத்தனை வேணாம்னு அனுப்பிட்டேனே... என்ன விளையாடறியா?"

"அவரைக் கூப்பிடுங்க."

திட்டினார். வாங்கிக்கொண்டேன். அக்கா போனைப் பிடுங்கும் சத்தம் கேட்டது.

"வேலை கிடக்கட்டும். இறங்கறப்ப தூங்குவியா?"

"தெரியலக்கா. தூங்கினாலும் தூங்கிடுவேன்."

"எரும. போனைக் காதுல வை. நான் பேசறேன், நீ இறங்கு."

எட்டாம் வகுப்பில் நான் சைக்கிளைத் தொலைத்ததிலிருந்து ஆரம்பித்தாள். திட்டு வாங்குகிறவனுக்குத் தூக்கம் வராது என்று அவளுக்கு யார் சொன்னார்களோ. ஒரு கை போனிலும் ஒரு கை பாறையிலுமாகத் தவழ்ந்தேன். அப்பா செத்த வருடத்துக்கு அவள் வந்தபோது லைன் அறுந்தது. மலை முதுகு இன்னும் பாதி மிச்சம் இருந்தது.

அவள் விட்ட இடத்திலிருந்து என்னை நானே சத்தமாகத் திட்டிக்கொண்டு இறங்கினேன்.