பாவு காயும்வரை சண்டை இல்லை

தாவீதின் கதாநாயகன் காரிலிருந்து இறங்க இரண்டே முக்கால் நிமிடம் ஆகும். முதலில் செருப்பு வரும். பிறகு அந்தச் செருப்புக்குக் கால் வரும். காற்று அவன் தலைமுடியை மட்டும் பறக்கவிடும். பக்கத்து வாழைமரத்தில் ஓர் இலைகூட ஆடாது. அவன் இறங்கி முடிப்பதற்குள் வில்லனின் ஆள் ஒருவன் டீ குடித்து, கிளாஸையும் கழுவி வைத்துவிட்டு வந்து நிற்பான்.

அடிதடிப் படங்களைக் கேலி செய்கிற கார்ட்டூன் அது. தாவீது அதைத் தன் போனிலேயே வரைந்திருந்தான். ஓரிக்கையிலிருந்து சைக்கிளில் வந்து, பகலெல்லாம் கொத்தனாருக்குக் கையாளாக மணலும் செங்கல்லும் சுமந்து, தோள் எரிகிற சாயங்காலங்களில் விரலால் தேய்த்துத் தேய்த்து நான்கு மாதம் வரைந்தது. ஆண் குரலெல்லாம் அவன். கார் சத்தமும் காற்றும் மனைவி சுகாசினி. காற்றுக்கு முறத்தை வீசுவாள்.

காணும் பொங்கல் சாயங்காலம் நெசவாளர் தெருவில் பாட்டுக் கச்சேரிக்கு முன்னால் பத்து நிமிடம் அவனுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தெருவில்தான் ஆறு மாதமாக ஒரு மாடி கட்டும் வேலை. "ஓரமா போப்பா" என்பதைத் தவிர அங்கே யாரும் அவனிடம் வேறு பேசியதில்லை. அந்தத் தெரு தன் படத்தைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மாடி கட்டுகிற வீட்டுக்காரி தில்லையம்மாள்தான் விழாவையும் நடத்துகிறவள். அவள் முதலில் பார்க்க வேண்டும் என்றாள். "கண்டதையும் போட முடியாதுப்பா. பொம்பளைங்க உக்காந்துக்கினு இருப்பாங்க."

விழா அன்று மத்தியானம் மூன்று மணிக்கு தாவீதும் சுகாசினியும் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நின்றார்கள். செருப்பு இறங்கியபோதே சிரிப்பை அடக்கி அவள் வாய் கோணியது. கதாநாயகன் ஒருவனை அறைய, பதினான்கு பேர் விழுந்தார்கள். பதினைந்தாவது ஆள், "என்ன உட்டுட்டியேண்ணா" என்று தானாகப் போய்ப் படுத்துக்கொண்டான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் அடிச்சா நீ எழுந்திருக்க மாட்ட, எழுந்திரிச்சா நான் அடிக்கவே இல்ல" என்று கதாநாயகன் கையை உயர்த்த, வில்லன், "எழுதிக் குடுப்பா, வூட்ல போய்ப் படிச்சிக்கிறேன்" என்றான். அவள் குலுங்கினாள்.

அடுத்து, தாவீது எல்லாவற்றிலும் பெரிய சிரிப்பு என்று நினைத்து வைத்திருந்த இடம். உதை வாங்கிய வில்லனும் பதினைந்து அடியாட்களும் பறந்துபோய், தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டியிருந்த பட்டுப் பாவின் மேல் விழ, பாவு நடுவில் அறுந்து தொங்கியது.

தில்லையம்மாள் போனைக் கீழே வைத்தாள்.

"இன்னாப்பா இது?"

"பாவும்மா. சும்மா, காமெடிக்கு."

"ஆள் உழுவட்டும், கார் எரியட்டும். பாவு அறுந்தா இந்தத் தெருவுல ஒருத்தர் உக்கார மாட்டாங்க. எழுந்து போய்க்கினே இருப்பாங்க. இது வேணாம்பா."

தறியில் ஏற்றப்போகிற நூலைக் காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைப்பதைத் தாவீது ஆறு மாதமாகப் பார்க்கிறான். சுற்றிப் போக வேண்டும் என்பது தெரியும். அது அறுந்தால் ஆயிரக்கணக்கான இழைகளை ஒன்றொன்றாகத் தேடி முடிச்சுப் போட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

"அத வெட்டிட்டா?" என்றாள் சுகாசினி.

"அதுதான் முடிவே. அத எடுத்துட்டா படம் பாதியில நிக்கும்."

சுகாசினி தில்லையம்மாள் பக்கம் திரும்பினாள். "நெஜமா அறுந்துட்டா இன்னாம்மா பண்ணுவீங்க?"

"இன்னா பண்றது? சண்டையாவது மண்ணாவது. தெருவே ஓடியாந்து நூலப் புடிக்கும். எனக்கும் எதிர் வூட்டு மயில்வாகனத்துக்கும் பேச்சே கெடையாது. அவனும் ஒரு பக்கம் வந்து புடிப்பான்."

தாவீது போனைக் கையில் எடுத்தான். புதிதாக வரைய நேரமில்லை. வரைந்ததைப் பின்னாலிருந்து முன்னால் ஓடவிட்டான். விழுந்த பதினாறு பேரும் எழுந்து, குப்புறப் பறந்து, பழைய இடத்துக்கே போய் நின்றார்கள். தொங்கிய இழைகள் துள்ளி எழுந்து ஒட்டிக்கொண்டன.

"அம்மா, ஒரு தபா திட்டணும்."

"யார?"

"ஹீரோவ."

தில்லையம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "அவன் மொகத்தக் காட்டு" என்றாள்.

சாயங்காலம் தெரு நிறைந்திருந்தது. செருப்புக்குச் சிரித்தார்கள். பதினைந்தாவது ஆளுக்கு விசில் பறந்தது. பாவு அறுந்தது. தெரு அப்படியே அடங்கியது. பின்வரிசையில் ஒரு நாற்காலி தரையில் உராய்ந்தது. மயில்வாகனம் எழுந்து வேட்டியை உதறினார். தாவீது சுகாசினியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஒலிபெருக்கியில் தில்லையம்மாளின் குரல் வெடித்தது. "டேய், கறுப்புக் கண்ணாடி. பாவு கட்டியிருக்கிறது கண்ணு தெரியல? எட்றா எல்லாத்தையும்."

திரையில் அடியாட்கள் பதறிப் பின்னால் பறந்தார்கள். நூல் சேர்ந்தது.

"ஆத்தா, நான் யாருன்னு தெரியுமா?" என்றான் கதாநாயகன்.

"தெரியும். ஓரமா நில்லு. வில்லன் யாரு, நீயா? நீயும் நில்லு. பாவு காயற வரைக்கும் ஒரு சண்டையும் கெடையாது."

இருவரும் கைகட்டி நின்றார்கள். அத்தோடு படம் முடிந்தது.

முதலில் சிரித்தது மயில்வாகனம்தான். பிறகு தெரு சிரித்த சிரிப்பில், கச்சேரிக்குக் காத்துத் தூங்கிப்போயிருந்த மேளக்காரர் விழித்துக்கொண்டார். மூன்று தடவை போடச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் தில்லையம்மாள் எழுந்து நின்று தன் குரலைக் கேட்டாள்.

திங்கட்கிழமை காலை, தலையில் எட்டுச் செங்கல்லோடு தாவீது தெருவுக்குள் திரும்பினான். நீள நெடுகப் பாவு. கஞ்சி தடவிக்கொண்டிருந்த மயில்வாகனம் நிமிர்ந்து பார்த்தார்.

"ஹீரோ வந்துட்டாருப்பா. ஓரமா போ, ஹீரோ."

தாவீது நின்றான். பிறகு வலது காலை மெல்லத் தூக்கி, காற்றிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து, செருப்பை முதலிலும் காலைப் பின்னாலுமாக ஓரத்தில் இறக்கினான். பாவு நெடுகிலும் சிரிப்பு ஓடியது.

"சிரிச்சிக்கினே நூல உட்டுடாதீங்க" என்றாள் தில்லையம்மாள் மறுமுனையிலிருந்து.