வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

ஈர மிலாறு பற்றிக்கொள்ள மறுத்தது. கவ்வாத்து வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைகளை மழையில் நனையவிட்டு, விடியுமுன் அடுப்பெரிக்கச் சொன்னால் எப்படி எரியும்? வடிவம்மா ஊதுகுழலைக் கீழே வைத்துக் கண்ணைத் துடைத்தாள். ஹந்தானை மலைக் குளிர் தகரக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ரத்தினம்மா தேங்காய் துருவினாள். வெடித்த விரல்களிலிருந்து இரத்தம் துருவலில் படாதிருக்கப் பழந்துணி சுற்றியிருந்தாள்.

அன்றைக்கு விடுதிப் பிள்ளைகளுக்கு முட்டை. தண்ணிச் சொதிக்குப் பழகிய வயிறுகளுக்கு ஆளுக்கொரு முட்டை! முதலாளி சண்முகநாதனுக்குத் திடீரென்று தர்மசிந்தை பொங்கிவிடவில்லை. அரசாங்கப் பரிசோதனை வருகிறது, அவ்வளவுதான்.

கண்டி டவுனில் புடவைக்கடையும் லொட்ஜும் வைத்திருந்த அவர், பன்வில தோட்டத்துப் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கவென்று இந்தப் பள்ளிக்கூடத்தை நடத்தினார். நிர்வாக சபை என்று ஒன்றும் இருந்தது. அதில் அவர், மனைவி, மச்சான். விடுதிக்கு மேட்ரன் வேண்டும் என்பது சட்டம். அவரோ படுக்கையறைக் கதவின் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாளைப் போட்டார். சம்பளம் கேட்காத மேட்ரன்! பொழுது சாய்ந்ததும் சமையல்காரிகள் இருவரும் கூட்டுகிற பரிமளமும் முறைவைத்துப் போய் அதைப் பூட்டிவிட்டு வரவேண்டும்.

போன மாதம் சிந்துஜா என்ற பிள்ளைக்கு இழுப்பு வந்தது. பிள்ளைகள் கதவைத் தட்டியிருக்கிறார்கள். அடைமழையில் யாருக்குக் கேட்கும்? மூச்சு முட்டியவள் ஜன்னலால் இறங்கப் போய்க் கருங்கல் கட்டின்மேல் விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டாள். கொய்யா மரத்தில் ஏறி விழுந்தாள் என்று பெற்றவர்களுக்குச் சொன்னார் முதலாளி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. எப்படியோ மேலிடத்துக்கு எட்டிவிட்டது.

"மறந்துறாதீங்க," என்றார் சண்முகநாதன், சமையற்கட்டு வாசலில் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி. "தாழ்ப்பாள்னு ஒண்ணு இருக்கவே இல்ல. கொய்யா மரம். அவ்வளவுதான்."

தாழ்ப்பாளைக் கழற்றி, ஓட்டைகளை அடைத்துப் பச்சைப் பெயின்ட் பூசியாகிவிட்டது. அவருடைய மச்சினிச்சி மேட்ரனாக வேடம்போட வெள்ளைச் சேலையில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"புள்ளைங்கள கேட்டா?" என்றாள் வடிவம்மா.

"அதுங்க வாய தொறக்காது. நீங்க தொறந்தா என்னா ஆகும் தெரியுமா? அன்னைக்கு முறை ரத்தினம்மாவோடது. பொலிஸ் வந்தா பூட்டுன கையத்தான் புடிக்கும். என்னைய இல்ல."

துருவுகிற சத்தம் நின்றுவிட்டது.

அவருடைய கெட்டித்தனம் அதுதான். இவர்கள் ஒருத்திக்காக ஒருத்தி உயிரைக் கொடுப்பவர்கள் என்று தெரிந்து, அந்தப் பாசத்தாலேயே மூவரின் வாயையும் கட்டிப்போட்டார். வடிவம்மாவுக்கு இன்னொரு கட்டும் இருந்தது. சமையற்கட்டுக்குப் பின்னாலிருந்த அறைதான் அவள் வீடு; மகள் இங்கேதான் இலவசமாகப் படிக்கிறாள். வாயைத் திறந்தால் இரண்டும் போகும்.

அவர் போனதும், லொட்ஜிலிருந்து கொண்டுவந்த மெத்தையைச் சுமந்துகொண்டு வேன் ட்ரைவர் ஜவாஹிர் வந்தான். அக்குறணைக்காரன்.

"அக்கா, பரிசோதன முடிஞ்ச ஒடனே மெத்தையெல்லாம் திரும்ப ஏத்தணுமாம். தாழ்ப்பாளையும் திரும்பப் போடச் செல்லி தச்சு வேல பாஸுக்குச் செல்லி ஈக்கிது."

"திரும்பவுமா?" ரத்தினம்மா எழுந்துவிட்டாள். "இன்னொரு புள்ளைக்கு இழுப்பு வந்தா?"

"நீ பேசாம இருடி. ஒன்னையத்தான் கொண்டுபோவாங்க," என்றாள் விளக்குமாறோடு நின்ற பரிமளம்.

வடிவம்மா அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "முறை இவளோடது மட்டுமா? மறுநா நீ, அதுக்கு மறுநா நானு. பூட்டுனது நாம எல்லாரும். பூட்டச் சொன்னது ஒரு ஆளு."

ரத்தினம்மா மறுபடி துருவ உட்கார்ந்தாள்.

பரிசோதனைக்கு வந்த சிங்கள அம்மணி மெத்தைகளைப் பார்த்தார், முட்டையைப் பார்த்தார். பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து வேலையாட்களை ஒவ்வொருவராக வரச் சொன்னார். மொழிபெயர்க்க யார் தெரியுமா? சாட்சாத் சண்முகநாதனே!

முதலில் வடிவம்மா. அம்மணி கேட்டது கதவைப் பற்றி என்று சந்தைக்குப் போய்வந்த சிங்களத்திலேயே அவளுக்குப் புரிந்தது.

"சாப்பாடு எப்படின்னு கேக்குறாங்க," என்றார் முதலாளி.

வடிவம்மாவுக்கு மகளின் முகம் ஒரு கணம் வந்து போனது. "கதவுக்கு வெளிய தாழ்ப்பாள் இருந்திச்சுன்னு சொல்லுங்க ஐயா."

அவர் சிரித்த முகத்துடன் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அம்மணியும் திருப்தியாகத் தலையாட்டினார். வெங்காயம் வாங்கப் போதுமான சிங்களம் இதற்குப் போதாதே! வடிவம்மா கதவைத் திறந்து கத்தினாள்: "ரத்தினம்மா! பரிமளம்! உள்ள வாங்கடி. ஜவாஹிர் தம்பி, நீங்களும் வாங்க!"

"ஒவ்வொருத்தரா வரணும்!" சண்முகநாதன் எழுந்தார்.

"ஒவ்வொருத்தரா வந்தா ஒவ்வொருத்தரா முழுங்கிருவீங்க."

"ஜவாஹிர், வேன் சாவிய வச்சிட்டு வெளிய போ!"

ஜவாஹிர் சாவியை மேசையில் வைத்தான். "சாவி இந்தா ஈக்கிது சேர். நாக்கு என்னோடது." பிறகு அம்மணியின் பக்கம் திரும்பி, வடிவம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் சிங்களத்தில் சொன்னான்.

அம்மணி பேனாவை எடுத்தார். சிந்துஜா விழுந்த இரவு கதவைப் பூட்டியது யார் என்று கேட்டார். தயங்கித் தயங்கித்தான் ஜவாஹிர் அதைத் தமிழில் சொன்னான்.

"எனக்குத்தான் முறை," என்றாள் ரத்தினம்மா.

"மத்த நாள் நாங்க," என்று வடிவம்மாவும் பரிமளமும் அவளுக்கு இரு பக்கமும் வந்து நின்றார்கள். "பூட்டச் சொன்னது இவரு. பெயின்ட் இன்னும் காயல்ல, வந்து தொட்டுப் பாருங்க."

அம்மணி போய்த் தொட்டார். விரலில் பச்சை ஒட்டியது. திரும்பி வந்து மெதுவாகப் பேசினார், ஜவாஹிர் சொன்னான்: "விசாரண வருமாம். பொலிஸும் கேப்பாங்களாம். அங்கயும் இதையே செல்லணுமாம். உங்கட வேலைக்கு தன்னால பொறுப்பு நிக்க ஏலாதாம்."

"நாளைக்கே அறைய காலி பண்ணு!" என்றார் சண்முகநாதன் வடிவம்மாவிடம்.

அவள் அழுதாள். மறைக்கவில்லை. பரிமளம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீடு இருக்குக்கா, மகளையும் கூட்டிக்கிட்டு வாங்க," என்றாள்.

ரத்தினம்மா துணி சுற்றிய விரலால் கண்ணைத் துடைத்துவிட்டு ஜவாஹிரைப் பார்த்தாள்.

"எங்க கூப்பிட்டாலும் வந்து சொல்லுவோம்னு சொல்லுங்க தம்பி. ஆனா எங்கள ஒண்ணாத்தான் கூப்பிடணும்."