மிளகளவு பம்பு

ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்கு மிளகு வாத்தியார் என்று பெயர். பீங்கானில் மிளகளவு பம்பு செய்கிறவரை வேறென்னவென்று கூப்பிடுவார்கள்? நோயாளியின் உடம்புக்குள் வைத்தால் அது மருந்தைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளும். தள்ள வேண்டும். உலையில் சுட்டு எடுத்தவற்றில் பாதி ஒழுகின, மீதி அடைத்துக்கொண்டன. ஒன்றே ஒன்றுதான் ஓடியது.

அது அவர் மேசைமேல், தண்ணீர்க் கிண்ணத்தில், வருஷக்கணக்காக ஓடியது. கல்யாணம் காட்சி என்று ஒன்றும் பண்ணிக்கொள்ளாத மனுஷன். காலையில் அறையைத் திறந்ததும், "என்னப்பா, இருக்கியா?" என்று அதைத்தான் கேட்பார். சொட்டும். பதில் சொன்னதாக எடுத்துக்கொள்வார்.

தலை நரைத்தும் வேலை நிரந்தரமாகவில்லை. அதை முடிவு செய்ய ஒரு குழு வந்தது. குழு என்றால் தெரியுமே, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாலும் கிணற்றுக்குச் சான்றிதழ் கேட்கிற கூட்டம். ஒன்று ஓடினால் அது குருட்டு அதிர்ஷ்டம், இன்னொன்று செய்து காட்டுங்கள், முடியாவிட்டால் இது ஏன் ஓடுகிறது என்றாவது சொல்லுங்கள் என்றார்கள். அது அவருக்கே தெரியாது. தெரிய வேண்டுமானால் அறுத்துத்தான் பார்க்க வேண்டும். அறுத்தால் பிறகு ஓடாது.

அக்காவுக்குப் போன் போட்டார். சொந்தமென்று மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான்.

"அறுத்தும் ஒண்ணும் தெரியலைன்னா?"

"வேலையும் போச்சு, அதுவும் போச்சு."

"அறுக்கலைன்னா?"

"வேலை மட்டும் போகும்."

"மிளகோட குடும்பம் நடத்தப் போறியா? அறுடா."

அவளுக்கென்ன, சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். தண்ணீரிலிருந்து எடுத்ததும் சொட்டு நின்றது. அசையாதிருக்கப் பிசினில் பதித்து, வைரப்பொடி ஒட்டிய வாளால் நடுவே அறுத்து, நுண்ணோக்கியில் பார்த்தார். உள்ளே இருந்த மூடி ஒரு பக்கம் ஒட்டாமல், முடியளவு விலகி நின்றது. அந்த இடைவெளியில்தான் அது அசைந்து தண்ணீரைத் தள்ளியிருக்கிறது. அவருடைய வரைபடப்படி அது குப்பைக்குப் போக வேண்டிய உருப்படி. அந்த விலகல் வந்துவிடக் கூடாதென்றுதான் மற்றதையெல்லாம் அழுத்தி அழுத்தி ஒட்டிக் கெடுத்திருக்கிறார்.

வரைபடத்தில் முடியளவு இடம் விட்டார். அடுத்து உலையிலிருந்து வந்தவை எல்லாமே ஓடின. குழு, தானே கண்டுபிடித்தது போலத் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டது.

அக்காவிடம் சொன்னார். நான் சொன்னேன் பார் என்று அவள் பெருமையடித்துக்கொண்டாள்.

"இப்ப எத்தனை ஓடுது?"

"ஒரு தட்டு நிறைய."

"அப்புறம் ஏன்டா குரல் இப்படிக் கிடக்கு?"

அவர் தட்டைப் பார்த்தார். எல்லாம் ஒரே மாதிரி சொட்டிக்கொண்டிருந்தன. எதைப் பார்த்து, "இருக்கியா?" என்று கேட்பதெனத் தெரியவில்லை.

"சளிதான்க்கா" என்றார்.