கேட்கவில்லையா?

1

இந்தக் கதை நியூ ஜெர்சியின் ஐசலினில், ஓக் ட்ரீ ரோட்டு மளிகைக் கடை ஒன்றில் கிடைத்தது. பை வேண்டாமா என்று கடைக்காரர் ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு முன்னால் நின்ற தமிழ்ப் பெண் 'யெஸ்' என்றாள். அவர் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொடுத்தார். அவள் ஏனென்று புரியாமல் வாங்கிக்கொண்டு போனாள். நான் காரில் உட்கார்ந்து அவளுக்குத் தாமரைச்செல்வி என்று பெயர் வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: 'கனவுகள் சுமந்த கண்களோடு தாமரைச்செல்வி கல்லூரிப் படிகளில்—'

வேண்டாம். நியூ ஜெர்சியில் நான் பார்த்த கண்கள் தூக்கத்தைத்தான் சுமந்தன.

சரி, இப்படி: வருடம் 1998. செல்வி கோபிச்செட்டிபாளையத்துக்காரி. கணவன் மதனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. மகள் வெண்பாவுக்கு ஆறு வயது. செல்விக்கு கம்யூனிட்டி காலேஜில் நர்சிங் இடம் கிடைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே போய்ப் படிக்கிற இரண்டு வருடக் கல்லூரி அது. மற்றப் படிப்புகளில் யாரும் சேரலாம். நர்சிங்குக்கு மட்டும் உடற்கூறு, வேதியியல் எல்லாம் தேறிவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். காரணம் எளிது. வகுப்பறையில் இன்னொரு நாற்காலி போட்டுவிடலாம். ஆஸ்பத்திரி வார்டில் ஓர் ஆசிரியையால் சிலரைத்தான் கண்காணிக்க முடியும்.

"பி.எஸ்ஸி. படிச்சுட்டு பெட்பேன் தூக்கப் போறியாடி?" என்றாள் பக்கத்து அபார்ட்மென்ட் காமாக்ஷி ஆன்ட்டி. "கம்ப்யூட்டர் கோர்ஸ் பண்ணேன்."

"கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் வராதுங்க ஆன்ட்டி."

(காமாக்ஷி இனி வரமாட்டாள். அந்தப் பதிலுக்காகத்தான் அழைத்தேன்.)

3

இரத்த அழுத்தம் பார்ப்பது எப்படி என்று சொல்லாமல் கதை நகராது. சொல்ல எனக்கும் ஆசை. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தால் இரத்தக்குழாய் நசுங்கி ஓட்டம் நிற்கும். காற்றை மெதுவாக விட்டால் இரத்தம் இடித்துக்கொண்டு நுழையும். ஸ்டெதஸ்கோப்பில் டப் டப் என்று கேட்கும். முதல் சத்தம் மேல் எண். குழாய் முழுக்கத் திறந்ததும் சத்தம் மறையும். அந்த இடம் கீழ் எண். அதாவது, ஒன்று நின்றுபோனதைக் கேட்கத் தெரிய வேண்டும்.

இந்தத் தேர்வில் செல்வி ஒருமுறை தவறிவிட்டாள். மறுமுறையும் தவறினால் அவள் இடம் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போகும்.

மறுதேர்வில் செல்வி சக மாணவி ஒருத்தியின் கையில் பட்டையைச் சுற்றினாள். இருவர் சேர்ந்து கேட்கிற இரட்டைக் குழாய் ஸ்டெதஸ்கோப்பின் மறுபாதியை ஆசிரியை மிசஸ் நோவாக் தன் காதில் மாட்டிக்கொண்டாள். செல்விக்கு முதல் சத்தம் கேட்டது. பிறகு அவள் நெஞ்சே அடித்ததில் எல்லாம் கலங்கிவிட்டது. கீழ் எண்ணாக வாயில் வந்ததைச் சொன்னாள்: எண்பது.

"தயங்குகிறாயே. அது நின்றது உனக்குக் கேட்கவில்லையா?"

மறைக்க வேண்டாம் என்று செல்வி முடிவு செய்தாள்.

"யெஸ்."

"நல்லது. எனக்கும் எண்பதுதான். தேறிவிட்டாய்."

4

"மிஸ்ஸு ரொம்ப நல்லவங்கங்க," என்றாள் சாப்பாட்டு மேஜையில். "கேக்கலைன்னு உண்மையச் சொன்னேன். பாஸ் போட்டுட்டாங்க."

"உண்மைக்கு மார்க்கா? எங்க மேனேஜர்கிட்டச் சொல்லோணும்," என்றான் மதன்.

"வெண்பா, இன்னும் பால் குடிக்கலையா?"

"நோ."

"குடிச்சிட்டேன்கிறே, டம்ளர் நெறைய இருக்குது?"

"அம்மா! நோன்னா ஐ டிட்ன்ட்!"

"அப்ப குடிச்சிருந்தா?"

"யெஸ்!"

செல்வியின் கை சாதத்திலேயே நின்றது.

(குறுக்கே ஒரு விளக்கம். 'குடிக்கலையா?' என்றால் தமிழில் நாம் கேள்விக்கு ஒத்துப்போகிறோம்: ஆமாம், குடிக்கவில்லை. ஆங்கிலக்காரர்கள் நடந்ததற்குப் பதில் சொல்கிறார்கள்: குடித்தால் யெஸ், குடிக்காவிட்டால் நோ. இரண்டும் ஒழுங்கான முறைகள்தான், ஒரே அறையில் சந்திக்காதவரை.)

"எனக்கு நெசமாவே கேக்கலைங்க. கேட்டுச்சுன்னு அவங்க நெனச்சுட்டாங்க."

"விடு செல்வி. நீ ஒண்ணும் பொய் சொல்லலையே?"

"ஆமாங்க," என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே தெரியவில்லை.

5

திங்கட்கிழமை, ஆஸ்பத்திரி. வார்டில் முதல் நாள்.

ஒரு முடிவு: செல்வி எல்லாவற்றையும் சொல்கிறாள். மிசஸ் நோவாக் கண்கலங்கி அவள் தோளில்—

இல்லை. அவள் கலங்குகிறவள் இல்லை. விதி விதிதான், இடம் போய்விடும்.

இன்னொன்று: சொல்லவில்லை. நாளடைவில் காது பழகிவிடுகிறது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். ஆனால் அவள் சொல்லப்போகிற கீழ் எண்ணை நம்பி மருந்து சாப்பிடப்போகிற ஒரு கிழவரை நான் ஏற்கெனவே கட்டிலில் படுக்க வைத்துவிட்டேன். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் காத்திருக்கிறார்.

செல்வி பட்டையைக் கையில் எடுக்காமல் வாசலிலேயே நிற்கிறாள். மிசஸ் நோவாக் திரும்பிப் பார்க்கிறாள்.

"நீ தயாராக இல்லையா?"

இங்கே ஒரு 'யெஸ்' போதும். மிசஸ் நோவாக்குக்கு அது தயார்; செல்விக்கு, தயாரில்லை. உண்மையையும் சொல்லிவிட்டு இடத்தையும் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆனால் போன வாரம் தெரியாதது இன்று அவளுக்குத் தெரியும். ஆகவே அந்தச் சொல்லை அவளிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

பதிலை நீங்கள் சொல்லுங்கள். முழு வாக்கியமாக.